நாயின் அறிவும் நம் கையும்

அசர் தொழுகைக்குப் பின் காவிரிக் கரைப் பக்கம் சற்று நடந்துவிட்டு வருவது முசிறியில் எனக்கு நெடுநாள் வழக்கம். அண்மையில் ஒருநாள் அவ்வாறு திரும்பி வரும்போது, மக்தபில் என்னிடம் ஓதும் பிள்ளைகள் மூவர் ஒரு தெருநாயைக் கல்லால் அடித்துக்கொண்டிருந்தார்கள். அது யாரையும் விரட்டவில்லை. யாரையும் பார்த்துக் குரைக்கவுமில்லை. ஒரு திண்ணையோரத்து நிழலில் படுத்திருந்ததுதான் அது செய்த குற்றம். "ஏனப்பா அடிக்கிறீர்கள்?" என்று கேட்டேன். மூவரில் சிறியவன் தயங்காமல் விடை சொன்னான்: "நாய் நஜீஸ் என்று நீங்கள்தானே சொல்லிக் கொடுத்தீர்கள், ஹஜ்ரத்!"

மறுமொழி கூற எனக்கு வாய் எழவில்லை. சொல்லிக் கொடுத்தவன் நான்தான். தூய்மையைப் பற்றிய பாடத்தை ஆண்டுதோறும் ஒரு வரி பிசகாமல் நடத்தி வருகிறேன். அந்தப் பாடத்திலிருந்து கல்லெடுக்கும் உரிமையை ஒரு குழந்தை வருவித்துக்கொள்ளும் என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

இதை ஒரு நண்பரிடம் சொல்லி வருந்தினேன். அவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். வீட்டில் இராசபாளையம் நாய் வளர்ப்பவர். "விலங்குகளில் நாயைப் போல் அறிவுள்ளது வேறில்லை. அறிவுள்ள ஜீவனை அடிக்கலாமா?" என்றார். அன்பினால் சொன்ன சொல்தான். ஆயினும் அதுவும் என்னை உறுத்தியது. அறிவுள்ளது என்பதனால் நாயை அடிக்கலாகாது என்றால், அறிவு குறைந்த உயிரை அடிக்கலாமா? பிள்ளைகள் அசுத்தத்தை அளவுகோலாகக் கொண்டார்கள். நண்பர் அறிவை அளவுகோலாகக் கொண்டார். இரண்டில் எது சரி என்பதே என் மனத்தைக் குடைந்த கேள்வி.

முதலில் நண்பரின் கூற்று மெய்தானா என்று பார்ப்போம். நாயின் திறமைக்குச் சான்றுகள் குறைவல்ல. அமெரிக்காவில் ஜான் பில்லி என்ற உளவியல் பேராசிரியர் வளர்த்த 'சேசர்' என்ற நாய், 1,022 விளையாட்டுப் பொருள்களின் பெயர்களைத் தனித்தனியே அறிந்திருந்தது. பெயரைச் சொன்னால் குவியலிலிருந்து அந்தப் பொருளை எடுத்து வரும். 2019இல் அது இறந்தபோது செய்தித்தாள்கள் அதனை உலகின் மிகப் புத்திசாலி நாய் என்று எழுதின.

ஆனால், மற்ற உயிர்களையும் அருகில் நிறுத்திப் பார்க்க வேண்டுமல்லவா? இங்கிலாந்தைச் சேர்ந்த ஸ்டீபன் லீ, பிரிட்டா ஓஸ்தௌஸ் என்னும் இரு அறிஞர்கள் 2018இல் அதைத்தான் செய்தார்கள். முந்நூறுக்கும் மேற்பட்ட ஆய்வுரைகளைத் திரட்டி, நாயை ஓநாய், பூனை, குதிரை, புறா, டால்பின், சிம்பன்சி முதலியவற்றோடு ஒப்பிட்டார்கள். நாயின் அறிவு தனிச்சிறப்புடையதன்று, எந்தச் சோதனையை எடுத்துக்கொண்டாலும் நாய்க்கு நிகரான வேறு உயிர் ஒன்றேனும் இருக்கிறது என்பதே அவர்கள் கண்ட முடிவு. ஆக்ஸ்ஃபோர்டில் 'பெட்டி' என்ற காகம் நேரான கம்பியைக் கொக்கியாக வளைத்துத் தன் உணவை எடுத்ததை 2002இல் உலகம் அறிந்தது. கண்ணாடியில் தெரிவது தன் உருவமே என்று யானை உணர்வதை 2006இல் கண்டார்கள். நாய் அந்தக் கண்ணாடிச் சோதனையில் தேறுவதில்லை.

அதனால் நாய் அறிவிலி என்றாகிவிடுமா? ஆகாது. கண்ணாடி, கண்ணால் வாழ்பவர்களுக்கு உரிய தேர்வு. நாயோ மூக்கால் வாழ்வது. கண்ணாடிக்குப் பதில் மணத்தை வைத்து 2017இல் சோதித்தபோது, தன் மணத்தில் வேறொன்று கலந்திருந்தால் நாய் நின்று நெடுநேரம் மோந்து பார்த்தது. ஒவ்வோர் உயிருக்கும் அதன் வாழ்வுக்கு வேண்டிய அறிவு தரப்பட்டிருக்கிறது. புறாவுக்குத் திசை, எறும்புக்குச் சேமிப்பு, நாய்க்கு மணம். இவற்றை ஒரே தராசில் நிறுத்துவது, மரம் ஏறுவதில் மீனுக்கும் அணிலுக்கும் பந்தயம் வைப்பது போன்றது.

நம் முன்னோர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். ஹிஜ்ரி 255இல் மறைந்த பஸராவின் பேரறிஞர் அல்ஜாஹிழ், தம் 'கிதாபுல் ஹயவான்' நூலின் முற்பகுதியில் நாயின் பக்கம் ஒருவரும் சேவலின் பக்கம் ஒருவருமாக நின்று வாதாடும் நீண்ட வழக்கொன்றை எழுதியுள்ளார். திருமறையிலோ, மனிதனுக்குப் புதைக்கக் கற்றுக்கொடுப்பது காகம். சுலைமான் நபி (அலை) அவர்கள் அறியாத செய்தியைக் கொண்டுவருவது ஹுத்ஹுத் பறவை. குகைத் தோழர்களின் வாயிலில் முன்கால்களை நீட்டிக் கிடப்பது நாய். விலங்குகளையும் பறவைகளையும் நம்மைப் போன்ற சமுதாயங்களாகவே அல்அன்ஆம் அத்தியாயம் குறிப்பிடுகிறது.

இனி, நாயின் ஒரு திறமையைச் சொல்ல வேண்டும். மனிதனின் கையைப் படிப்பதில் அது தேர்ந்தது. கொல்கத்தாவில் அனிந்திதா பத்ரா என்ற பேராசிரியரும் அவருடைய மாணவர்களும் நம் நாட்டுத் தெருநாய்களையே சோதித்து 2020இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு மூடிய கிண்ணங்களை வைத்து, ஒன்றை விரலால் சுட்டிக் காட்டினார்கள். எவரும் பழக்காத அந்த நாய்களில், கிண்ணத்தை அணுகியவற்றுள் நூற்றுக்கு எண்பது சுட்டிய கிண்ணத்துக்கே சென்றன. ஆனால், ஏறத்தாழப் பாதி நாய்கள் எந்தக் கிண்ணத்தையும் நெருங்கவே இல்லை. அவற்றிடம் அச்சம் தெரிந்தது. மனிதரிடம் முன்பு பட்ட அடி காரணமாகலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

இதைப் படித்தபோது என் நெஞ்சு கனத்தது. 'நாயைக் கண்டால் கல்லைக் காணோம்' என்று நாம் பழமொழி வைத்திருக்கிறோம். நம் நாவிலேயே நாயும் கல்லும் இணைபிரியாதவை. நம் தெருக்களில் ஒருவர் கீழே குனிந்தாலே போதும், நாய் ஓடிவிடும். விழுந்த துண்டை எடுக்கக் குனிந்தாரா, கல்லெடுக்கக் குனிந்தாரா என்று அது நின்று பார்ப்பதில்லை. இதுவும் ஓர் அறிவுதான். இதைக் கற்றுக்கொடுத்த ஆசிரியர்கள் நாம்.

பிள்ளைகளின் அளவுகோலுக்கு வருவோம். ஹனஃபி மத்ஹபில் நாயின் உமிழ்நீர் அசுத்தம். ஷாஃபியீ மத்ஹபில் நாய் முழுவதுமே கடும் அசுத்தம். மாலிக்கி மத்ஹபில் உயிருள்ள நாய் தூய்மையானதே. இச்சட்டங்கள் யாரைக் குறித்தவை? நம் ஆடையை, நம் பாத்திரத்தை, நாம் தொழும் இடத்தைக் குறித்தவை. நாயின் உயிரைக் குறித்தவை அல்ல. நம் உடலில் ஓடும் குருதியும் வெளியே சிந்தினால் நஜீஸ்தான். அதற்காக நம்மை எவரும் கல்லால் அடிப்பதில்லையே!

தாகத்தால் ஈர மண்ணை நக்கிய நாய்க்குத் தம் காலணியில் நீர் முகந்து கொடுத்து, இறைவனின் மன்னிப்பைப் பெற்ற மனிதரின் வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம். அந்த நாய் வேட்டை நாயா, காவல் நாயா, எத்தனை சொற்கள் அறிந்தது என்றெல்லாம் அந்த நபிமொழி கூறவில்லை. அதற்குத் தாகம் எடுத்தது, அதுவே போதுமாயிற்று. தம்முடைய தாகத்தை அதனிடம் அவர் கண்டுகொண்டார். அங்கே சோதிக்கப்பட்டது நாயின் அறிவன்று, மனிதனின் அறிவு. பூனையைக் கட்டிப் போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணின் வரலாறும் இதையே மறுபுறமிருந்து உரைக்கிறது.

"நாய்க்கடியால் குழந்தைகள் படும் துன்பம் உமக்குத் தெரியாதா?" என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தோன்றிய பின் பிழைப்பவர் மிக அரியர். தில்லித் தெருநாய்கள் அனைத்தையும் காப்பகங்களில் அடைக்க 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டு, பதினொரு நாளில் அதைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. வெறிபிடித்தவற்றையும் மூர்க்கமானவற்றையும் அவ்வாறு விடலாகாது என்றது. குழந்தையின் அச்சமும் மெய், நாயின் நோவும் மெய் என்பதனாலன்றோ நீதிமன்றத்துக்கே அது எளிய வழக்காக இல்லை? தடுப்பூசி நோயைத் தடுக்கும். கல் எந்த நோயையும் தடுத்ததில்லை. அடிபட்ட நாய்தான் திரும்பிக் கடிக்கும். கடி பட்டுவிட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது நம் கடமை.

மறுநாள் மக்தபில் தூய்மைப் பாடத்தை மீண்டும் எடுத்தேன். ஒரு சொல்லையும் மாற்றவில்லை. அதன் பின்னே, இத்தனை நாள் வேறொரு நாளைக்கென்று தள்ளி வைத்திருந்த இரக்கத்தின் பாடத்தையும் அதே அமர்வில் சேர்த்து நடத்தினேன். முடிந்ததும் அந்தச் சிறியவனே ஒரு பழைய மண்சட்டியில் தண்ணீர் கொண்டுவந்தான். திண்ணையோரத்தில் வைக்க நான் குனிந்தேன். நாய் எழுந்து ஓடிவிட்டது.

"நல்லது செய்ய வந்தோம் என்று அதற்குத் தெரியவில்லையே, ஹஜ்ரத்?" என்றான் பிள்ளை.

"தெரியும்வரை நாள்தோறும் வைப்போம், தம்பி" என்றேன்.