பசித்தவனின் குணம்

பசித்திருப்பவனிடம் பொறுமையில்லை என்று குறை கூறுவது நீதியாகுமா? பாடத்தில் மனம் பதியாத மாணவனைச் சோம்பன் என்றும், சிடுசிடுப்பவனைப் பண்பற்றவன் என்றும் முடிவு கட்டுவோர் பலர். அவன் காலையில் என்ன உண்டான் என்று வினவுவோர் சிலரே.

1944ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக் கழகத்தில் ஆன்செல் கீஸ் என்னும் அறிஞர் ஓர் ஆய்வைத் தொடங்கினார். தாமே முன்வந்த 36 இளைஞர்கள். போரில் கொலை புரிய மனச்சான்று இடந்தராதென்று மறுத்த கொள்கையாளர்கள். ஆறு திங்கள் அவர்களுக்கு வழக்கமான உணவில் ஏறத்தாழப் பாதியே அளிக்கப்பட்டது. மெலிந்தது உடல் மட்டுமன்று. சோர்வும் எரிச்சலும் பற்றின. தோழரை விட்டு ஒதுங்கினர். கருத்தூன்ற முடியவில்லை என்று முறையிட்டனர். சமையல் நூல்களைப் புரட்டிக்கொண்டிருந்தனர். கொள்கைக்காகப் பழிப்பை ஏற்றவர்களுக்கே இந்நிலையென்றால், பசித்தவனைக் குணத்தால் அளக்கும் அளவுகோலே பிழையன்றோ!

நோன்பிலும் பசிக்கிறோமே, உள்ளம் தெளிகிறதே என்பர். நோன்பாளியின் பசிக்கு மஃரிபு பாங்கு எல்லை. கஞ்சி காத்திருப்பதை அவன் அறிவான். வறியவர் வீட்டுப் பசிக்கு ஏது பாங்கு? மினசோட்டா இளைஞருக்கும் முடியும் நாள் தெரிந்திருந்தது. நாளைய உலைக்கு அரிசியுண்டா என்றறியாத தாயின் நெஞ்சத்தை என்னென்பது? "எனக்குப் பசியில்லை" என்று அவள் சொல்லும்போதே பிள்ளைக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது. குறைஷ் அத்தியாயம் பசிக்கு உணவையும் அச்சத்திற்கு அபயத்தையும் அடுத்தடுத்து வைத்தே பேசுவது கருதத்தக்கது.

இதில் நாணமும் சேர்கிறது. மதீனாப் பள்ளித் திண்ணையில் தங்கிப் பயின்ற அபூஹுரைரா (ரலி) அவர்கள் வயிற்றில் கல்லைக் கட்டிக்கொண்டு வழியோரம் அமர்ந்திருந்தார்கள். வந்த அபூபக்ர் (ரலி) அவர்களிடம் இறைவசனம் ஒன்றைப் பற்றிக் கேட்டார்கள். நாடியது விளக்கமன்று, உணவுண்ண அழைப்பார்களோ என்பதே. விடை கிடைத்தது, அழைப்பில்லை. உமர் (ரலி) அவர்களும் அவ்வாறே கடந்தார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மட்டும் முகத்தைக் கண்டதுமே புன்னகைத்து, உள்ளக்கிடக்கையை உணர்ந்து இல்லத்திற்கு அழைத்துச் சென்றார்கள். அங்கிருந்த பாலைத் திண்ணைத் தோழர் அனைவரும் பருகினர்.

தமிழகத்து அரசு தொடக்கப் பள்ளிகளில் 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் அமர்கின்றனர். ஏழையென எவரும் சுட்டப்படுவதில்லை. நகரில் அறையெடுத்துப் பயிலும் கல்லூரி மாணவனுக்கு அத்தகைய வரிசையில்லை. அவன் ஜும்ஆவுக்கு வருகிறான். தொழுகை முடிந்தபின் சற்றுத் தயங்கி நின்று, ஏதேனுமொரு மஸ்அலா கேட்டுவிட்டுச் செல்கிறான்.