எஞ்சிய சோறு யாருடையது?

"காசு கொடுத்து வாங்கிய சோறு, உண்பதும் எறிவதும் என் விருப்பம்." உணவுச்சாலைகளில் இவ்வாறு வாய்திறந்து சொல்வோர் சிலரே, சொல்லாமற் செய்வோர் பலர். சட்டம் இதைக் குற்றம் என்பதில்லை. அறத்தின் முன் இக்கூற்று நிற்குமா என்பதே கேள்வி.

பொருளை ஈட்டவும் பராமரிக்கவும் மனிதனுக்கு உரிமையுண்டு. பயன்படுத்தும்போதோ, அது எல்லோருக்கும் பொதுவானது என்ற உணர்வு வேண்டும் என்பது புனித தோமஸ் அக்குவினாசின் போதனை. அவ்வாறாயின், நாம் கொடுத்த பணம் உண்ணும் உரிமையைத் தரும். பாழாக்கும் உரிமையைத் தராது. அச்சோற்றில் குளத்து நீரும், வயல் மண்ணும், உழவனின் வியர்வையும், அடுப்பில் எரிந்த மரமும் பங்காளிகள். பசித்திருப்பவனும் ஒரு பங்காளியே. உணவை எறிவது ஏழையின் மேசையிலிருந்து திருடுவதற்கு ஒப்பாகும் என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2013 இல் கூறியதன் பொருளும் இதுவே.

ஐக்கிய நாடுகள் சுற்றாடல் திட்டத்தின் கணக்கின்படி, 2022 ஆம் ஆண்டில் உலகெங்கும் 105 கோடி தொன் உணவு வீணாயிற்று. பெரும்பகுதி வீடுகளில், ஏறத்தாழ 29 கோடி தொன் உணவு பரிமாறும் இடங்களில். குப்பை மேட்டில் காற்றுப்படாது அழுகும் உணவு மீதேன் வாயுவாகிப் பூமியை வெப்பமாக்குகின்றது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று, கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து 30 இற்கு மேற்பட்டோர் மாண்டனர். தலைநகரம் எறிந்தது ஏழைகளின் கூரைமேல் வீழ்ந்தது.

சோற்றைச் சுற்றும் 'லஞ்ச் சீற்'றின் கதையும் இத்தகையதே. 2017 செப்ரெம்பரில் அதற்குத் தடை வந்தது. ஆயினும் அது கடைகளை விட்டு முற்றாக நீங்கவில்லை. கறி மணம் ஊறிய பொலித்தீனை மாடு உணவென்றே விழுங்குகின்றது. அம்பாறைப் பள்ளக்காட்டில் யானைகளும் அவ்வாறு மாண்டன.

"வாழையிலைக்கு விலை அதிகம், ஒரு சோற்றுப் பொதியில் என்ன இலாபம்?" என்று சிறு கடைக்காரர் கேட்பார். நியாயமான கேள்வி. அவர் தலையில் மட்டும் சுமையை ஏற்றுவது நீதியாகாது. அலங்காரத்துக்காகவே உணவைக் குவித்து வைக்கும் பெரிய ஹோட்டல்களே முதலில் திருந்த வேண்டும். சிறு கடைகளால் இயன்றதும் உண்டு. அரைச் சாப்பாட்டுக்கு அரைவிலை வைக்கலாம். சோற்றை முதலிலேயே குவிக்காமல், கேட்கக் கேட்கப் பரிமாறலாம். பாத்திரம் கொண்டுவருபவருக்குச் சில ரூபா குறைக்கலாம். கழிவைப் பிரித்து வைத்தால் பன்றி வளர்ப்போரும் பசளை செய்வோரும் பயன்பெறுவர். உண்ண வருபவரோ வேண்டியதை மட்டும் கேட்டு, வீட்டிலிருந்து பாத்திரம் எடுத்துவரப் பழகினால் பாதிச் சுமை குறையும்.

ஐந்து அப்பங்களைப் பல்லாயிரம் பேருக்குப் போதுமாக்கிய ஆண்டவருக்கு, மிச்சத் துண்டுகள் எதற்கு? விரும்பினால் மீண்டும் பெருகச் செய்திருக்கலாமே. ஆயினும் ஒன்றும் வீணாகாதபடி சேர்த்தெடுக்கச் சொன்னார். 12 கூடைகள் நிறைந்தன. நிறைவாக இருப்பது வீணாக்குவதற்கு அனுமதியன்று என்பதே அக்கூடைகள் தரும் பாடம்.

அடுத்த பங்குத் திருவிழா விருந்திலிருந்தே இதைத் தொடங்குவோம். கடைக்காரருக்கு அறிவுரை சொல்லும் தகுதி அதன் பின்னரே எமக்கு வரும்.