யார் வீட்டுத் திண்ணையிலிருந்து?

கூடவே தங்கி, கலந்து பழகி, கண்டதை எழுதுவதற்குப் 'பங்கேற்பு உற்றுநோக்கல்' என்று பெயர். உளவியல்காரர்களும் மானிடவியல்காரர்களும் இதை ஒரு முறையியலாகவே கொண்டாடுகிறார்கள். ஆந்த்ரே பெத்தேய் 1961-62இல் தஞ்சை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் இப்படித்தான் தங்கினார். ஊரின் நிஜப் பெயரை மறைத்து 'ஸ்ரீபுரம்' என்று 1965இல் புத்தகமாக்கினார். தங்கினது எங்கே? அக்கிரகாரத்தில். அதனாலேயே சேரிக்குள் தாராளமாகப் போய்வர முடியவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு. ஆனால் அக்கிரகாரத்துத் திண்ணையிலிருந்து பார்த்தால் சேரி எவ்வளவு தெரியும்?

லப்பைக்குடிக்காட்டு டீக்கடையில் கூலிக்காரப் பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "அவரு வந்து கொஞ்ச நாளு பாத்தாரு. நாம பொறந்ததுலேருந்து அவங்க மொகத்தப் பாத்துத்தானப்பா பொழைக்கிறோம்" என்றார்.

நெசந்தான். ஆண்டையின் புருவம் நெளிவதை வைத்தே இன்றைக்குக் கூலி உண்டா, ஏச்சு உண்டா என்று கணக்குப் போடுகிறவர்கள் நாம். (இதுக்கு எம்.ஏ. எதுக்கு?) பார்க்கிறோம் என்று தெரிந்தால் மனிதர் நடத்தையை மாற்றிக்கொள்வார், அதனால் தெரியாமல் பார் என்பது அவர்கள் பாடம். நம் சனம் அதை அடிபட்டுப் படித்தது. அவர்கள் பார்த்தால் ஆய்வு, நாம் பார்த்ததைச் சொன்னால் புலம்பலா?

பார்க்கப்படுகிறவரிடம் சம்மதம் வாங்க வேண்டும் என்று இப்போது ஆய்வு நெறிகள் சொல்கின்றன. நல்லது. நான் கேட்பது அதற்கு மேலே: எழுதினதைச் சேரிக்குக் கொண்டுவந்து தமிழில் படித்துக் காட்டட்டும். 'இது தப்பு' என்று ஒரு கிழவி சொன்னால், அதையும் அச்சேற்றட்டும்.