கொலையைக் கண்டு நகைக்கலாமா?

உறவினர் அறுவரைக் கொன்ற ஒருவன், தூக்கிலிடப்படுவதற்கு முந்தைய இரவில் தன் வரலாற்றை எழுதுகிறான். அதனைக் கண்டு நல்லோரும் வயிறு குலுங்க நகைக்கின்றனர். பிழை கதையிலா, காண்போர் நெஞ்சிலா? 1949ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஏலிங் படநிலையத்தாருக்காக ராபர்ட் ஹாமர் இயக்கிய 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கோரோனெட்ஸ்' என்னும் திரைப்படம் எழுப்பும் வினா இது.

இத்தாலியப் பாடகன் ஒருவனை மணந்தாள் என்பதற்காகப் பிரபுக் குடும்பம் ஒன்று தன் மகளை ஒதுக்கிவிடுகிறது. இறந்தபின் முன்னோர் கல்லறையில் ஓரிடம் வேண்டும் என்ற அவளது இறுதி விருப்பமும் மறுக்கப்படுகிறது. துணிக்கடையில் பணிபுரியும் அவள் மகன் லூயி மசினி, தனக்கும் கோமகன் பட்டத்திற்கும் இடையே நிற்போரை ஒவ்வொருவராக அகற்றத் தொடங்குகிறான். அநீதிக்கு ஆளானவன் பக்கம் மனம் சாய்வது இயல்பு. அந்த இயல்பையே படம் முதலீடாகக் கொள்கிறது.

ஆயினும் பரிவு மட்டும் நகையை எழுப்பிவிடாது. அக்குடும்பத்தார் எண்மராகவும், அவருள் ஒரு பெண்மணியாகவும், அலெக் கின்னஸ் என்னும் ஒரே நடிகர் தோன்றுகிறார். ஒரே முகம் மீண்டும் மீண்டும் மடியும்போது, மடிவது மனிதர் அல்லர், ஒரு குலத்தின் செருக்கே என்று தோன்றிவிடுகிறது. தொல்காப்பியர் நகையின் நிலைக்களன்களுள் எள்ளலை முதலில் வைத்தார். செருக்கினும் எள்ளலுக்கு ஏற்ற பொருள் வேறென்ன?

ஆனால் எல்லாரும் செருக்கர் அல்லரே! நிழற்படக் கலையில் தோய்ந்து கிடக்கும் ஹென்றி எவருக்கும் தீங்கு நினையாதவன். அவனைக் கொன்ற லூயி, பின்னர் அவன் மனைவியையே மணக்கிறான். முதற் கொலையோ இன்னும் கொடிது. ஆற்றில் படகு கவிழும்போது, குறிவைக்கப்பட்டவனோடு இளம்பெண் ஒருத்தியும் மூழ்குகிறாள். அவள் அக்குடும்பத்தைச் சேர்ந்தவளும் அல்லள். அவள் சாவை லூயி ஒரு நயமான வாக்கியத்தால் கடந்துபோகிறான். டென்னிஸ் பிரைசின் மெருகேறிய குரலில் அவ்வாக்கியம் ஒலிக்கும்போது அரங்கமும் நகைக்கிறது. செருக்கை எள்ளத் தொடங்கிய நகை, இங்கே கொலைஞனின் செருக்கோடு கைகோத்துக்கொள்கிறது. தன் தாயை ஒதுக்கிய பிரபுக்கள் மாந்தரை எப்படி நோக்கினரோ, அப்படியே அவனும் அப்பெண்ணை நோக்குகிறான். காண்போரும் அக்கணத்தில் அவ்வாறே நோக்குகின்றனர்.

செய்யாத ஒரு கொலைக்காகத் தண்டிக்கப்பட்டு, விடுதலையும் பெற்ற லூயி, தன் குற்றங்களையெல்லாம் எழுதிய ஏடுகளைச் சிறையறையிலேயே விட்டுவந்ததைச் சிறைவாயிலில் உணர்கிறான். பிரிட்டனில் படம் அங்கேயே முடிந்தது. அமெரிக்காவிலோ, ஏடுகள் பிறர் கையில் கிடைக்கும் காட்சியொன்று சேர்க்கப்பட்டது. அச்சேர்க்கை லூயியை மட்டுமே மாட்டிவிடுகிறது. ஆற்றில் மூழ்கிய பெண்ணைக் கண்டு நகைத்தவரிடம் அது எதனையும் கேட்பதில்லை.