மானத்தைக் கற்றுக்கொடுத்தவர்கள்

கடலூர் மாவட்டம் விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையைச் சேர்ந்த முருகேசனும் கண்ணகியும் 2003 ஜூலை 8 அன்று, ஊரார் பலர் பார்த்துக்கொண்டிருக்க, விஷம் புகட்டிக் கொல்லப்பட்டார்கள். முருகேசன் தலித், கெமிக்கல் எஞ்சினியரிங் படித்தவர். கண்ணகி அதே ஊரின் இடைநிலைச் சாதிக் குடும்பத்துப் பெண், வணிகவியல் பட்டதாரி. அந்த ஆண்டு மே 5ஆம் தேதி கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டவர்கள். விஷயம் தெரியவந்ததும் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். வாய் திறக்க மறுத்தபோது மூக்கிலும் காதிலும் விஷத்தை ஊற்றினார்கள். உடல்களைக்கூட ஒன்றாக எரிக்கவில்லை, தனித்தனியே எரித்தார்கள். முன்னின்று நடத்தியவர்கள் பெண்ணைப் பெற்ற தந்தையும் கூடப்பிறந்த சகோதரனும் என்பதை விசாரணை நீதிமன்றம் முதல் உச்ச நீதிமன்றம் வரை உறுதிப்படுத்தின. பெற்றுத் தூக்கி வளர்த்தவர்களின் கை அந்தக் காரியத்தைச் செய்யத் துணிந்தது எப்படி என்று கேட்டால், ஊர் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிடும்: மானம் போய்விட்டது. அந்தப் பதில் எழுப்பும் அறக்கேள்வி ஒன்று உண்டு. மானம் என்ற உணர்ச்சியை அந்தத் தந்தை தானாகக் கண்டுபிடிக்கவில்லை. அவர் பிறந்து வளர்ந்த பண்பாடு அதை ஊட்டியது. ஊட்டப்பட்ட உணர்ச்சியால் ஒருவர் செய்யும் கொலைக்கு அவரை எந்த அளவுக்குப் பொறுப்பாக்கலாம்?

இந்தக் கேள்வியைச் சாக்குப்போக்கு என்று தள்ளிவிட முடியாது. கோபமும் வெட்கமும் உடம்பிலிருந்து எழுவதுபோலத் தோன்றினாலும், எதற்குக் கோபம், எதில் வெட்கம் என்பதை வளர்ப்புதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர்கள் டோவ் கோஹனும் ரிச்சர்ட் நிஸ்பெட்டும் குழுவாகச் செய்து 1996இல் வெளியிட்ட சோதனை ஒன்று இதற்குப் பெயர்பெற்றது. நடைவழியில் ஒருவர் மாணவரை இடித்துவிட்டு, வசைச்சொல் ஒன்றையும் வீசிவிட்டுப் போவார். வட மாநிலங்களில் வளர்ந்த மாணவர்கள் பெரும்பாலும் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆண்மையின் மதிப்பைப் பெரிதாகப் போற்றும் தென் மாநிலங்களில் வளர்ந்தவர்களின் உமிழ்நீரிலோ மன அழுத்தத்தைக் காட்டும் கார்ட்டிசால் கூடியிருந்தது, டெஸ்டோஸ்டிரோனும் கூடியிருந்தது. வளர்ந்த ஊர் ஒருவரின் இரத்தம் வரை இறங்குகிறது என்பதை மறுப்பதற்கில்லை.

நம் சட்டமும் இதை அறியாததல்ல. கடுமையான, திடீரென்ற சினமூட்டலால் நிதானம் இழந்து செய்த கொலையைக் கொலைக்குற்றத்திலிருந்து ஒருபடி இறக்கிவைக்கும் விதிவிலக்கு 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்திலேயே இருந்தது. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இருக்கிறது. எது சினமூட்டும் என்பதை எப்படி அளப்பது? மனைவியின் காதலனைச் சுட்டுக்கொன்ற கடற்படை அதிகாரி நானாவதியின் வழக்கில் 1961இல் உச்ச நீதிமன்றம் விடை சொன்னது: குற்றம் சாட்டப்பட்டவர் வாழும் சமூகத்தின் பண்பாட்டு, உணர்ச்சிப் பின்னணியை வைத்தே அளக்க வேண்டும். அதாவது பண்பாடு உணர்ச்சியை வார்க்கிறது என்பதை நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனால் அதே தீர்ப்பு நானாவதியைக் கொலைக்குற்றவாளி என்றும் உறுதிசெய்தது. மனைவி உண்மையைச் சொன்னதற்கும் அவர் சுட்டதற்கும் இடையில் சில மணி நேரம் கழிந்திருந்தது; நிதானம் திரும்ப அது போதும் என்று நீதிபதிகள் கருதினார்கள். புதுக்கூரைப்பேட்டையிலும் ஆத்திரம் கண்ணை மறைத்த ஒரு நொடியில் எதுவும் நடந்துவிடவில்லை. தேடினார்கள், கண்டுபிடித்தார்கள், வெளியூரிலிருந்து பெண்ணை அழைத்துவந்தார்கள், விஷம் வாங்கினார்கள், இடம் குறித்தார்கள்.

பண்பாடு உணர்ச்சியை உண்டாக்குகிறது என்ற உண்மையிலிருந்து இரண்டு முடிவுகளுக்கு வரலாம். கொன்றவரின் குற்றம் குறைகிறது என்பது ஒன்று. பலரும் வழக்கமாக அங்கேதான் போய் நிற்கிறார்கள். கொன்றவரின் குற்றம் அப்படியே இருக்க, குற்றத்தில் பங்குள்ளவர்களின் வட்டம் விரிகிறது என்பது மற்றொன்று. இரண்டாவதே சரி என்று இந்தக் கட்டுரை வாதிடுகிறது. ஒரு தந்தையின் நெஞ்சில் மானம் என்ற பெயரில் ஓர் ஊரே பேசுகிறது என்றால், அந்த ஊரைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். தந்தையை வீட்டுக்கு அனுப்பிவைக்க அது காரணமாகாது.

வட்டம் எவ்வளவு பெரியது என்பதை இந்த வழக்கே காட்டுகிறது. கூடி நின்று பார்த்தவர்களில் தடுக்கத் துணிந்தவர் இல்லை. காவல் துறை முதல் தகவல் அறிக்கையைப் பதிந்ததே ஜூலை 17ஆம் தேதிதான். ஒன்பது நாள் கழித்து. அதிலும், இரு தரப்பும் சேர்ந்து செய்த கொலை என்று கதை கட்டி, மகனைப் பறிகொடுத்தவர்களின் பக்கத்திலிருந்தும் ஆட்களைக் குற்றவாளிகளாகச் சேர்த்தார்கள். கண்ணகியின் தந்தைக்கு இருந்த அதே மானவுணர்வு, சீருடைக்குள்ளும் இருந்தது என்று சொல்வதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் தேடுவது கடினம். சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு 2004இல் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றியது. விசாரணையில் சாட்சிகள் பலர் பிறழ்ந்தார்கள். கடலூர் சிறப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2021 செப்டம்பர் 24 அன்று. நிகழ்ந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. பதின்மூன்று பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. அவர்களில் அப்போதைய காவல் அதிகாரிகள் இருவரும் அடக்கம். கொலை செய்தவர்களோடு, கொலையை மறைக்கத் துணைபோன சீருடையும் ஒரே தீர்ப்பில் தண்டனை பெற்றது தமிழ்நாட்டில் அரிது. இந்தத் தீர்ப்பின் பெருமதிப்பு அதில்தான் இருக்கிறது.

சகோதரனுக்கு விதிக்கப்பட்ட தூக்குத் தண்டனையை 2022இல் உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. பதின்மூவரில் இருவரை விடுவித்தது. மீதியை 2025 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. தூக்கைக் குறைத்ததைப் பண்பாட்டுக்குக் காட்டிய சலுகை என்று சிலர் வருந்தினார்கள். அப்படிக் கொள்ள வேண்டியதில்லை. ஒருவனைத் தூக்கிலிட்டுவிட்டால், அவனுக்கு மானத்தைக் கற்றுக்கொடுத்தவர்கள் கணக்குத் தீர்ந்தது என்று கை கழுவிவிடுவார்கள். அது நடக்காமல் போனது நல்லதே.

வட்டம் விரிகிறது சரி, நடுவில் நிற்பவனின் குற்றம் ஏன் குறையக் கூடாது என்று கேட்கலாம். அவனுக்கு வேறு எதுவும் கற்றுத்தரப்படவில்லையே என்பார்கள். இது உண்மைக்குப் புறம்பானது. எந்தப் பண்பாடும் ஒரே குரலில் பேசுவதில்லை. மகள் சாதி மாறிக் கட்டிக்கொண்டால் தலைமுழுகிவிடுவது என்றொரு வழக்கம் இதே கிராமங்களில் இருக்கிறது. "எனக்கு இப்படி ஒரு பிள்ளையே பிறக்கவில்லை" என்று சொல்லி உறவை அறுத்துக்கொள்வது. கொடுமையான வழக்கம்தான், ஆனாலும் அதில் உயிர் மிஞ்சுகிறது. நான்கைந்து ஆண்டு கழித்துப் பேரப்பிள்ளையின் முகம் பார்த்துக் கதவு திறந்த வீடுகள் எத்தனையோ. அதே மானத்தை அதே அளவில் உணர்ந்த ஆயிரம் தந்தைகள் கொல்லவில்லை என்பதே, கொன்றவர் தேர்ந்துதான் கொன்றார் என்பதற்குச் சான்று.

கடலூர் மாவட்டத்தில் இந்தச் சான்று இன்னும் ஆழமாக ஓடுகிறது. சிதம்பரத்துக்கு அருகே மருதூரில் 1823இல் பிறந்த இராமலிங்க அடிகள், சாதியும் சமயமும் பார்க்காமல் பசித்தவருக்குச் சோறிட 1867இல் வடலூரில் தரும சாலை தொடங்கினார். அங்கே அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. ஐந்தாண்டு கழித்து ஞான சபையை எழுப்பினார். அவர் வேற்று நாட்டுச் சரக்கைக் கொண்டுவந்து விற்கவில்லை. சைவம் படித்து, தில்லை நடராசரைப் பாடி, அந்த மரபுக்குள்ளிருந்தே சாதியைப் பொய் என்றார். தைப்பூசத்தன்று விருத்தாசலம் வட்டாரத்திலிருந்தும் மக்கள் வடலூருக்குத் திரண்டு போகிறார்கள். ஏழு திரை நீக்கிக் காட்டும் சோதியைக் கும்பிடுகிறார்கள். ஆகவே, 'எங்கள் பண்பாடு இதைத்தான் சொன்னது' என்று அந்த மண்ணில் நின்று எவரும் சொல்ல முடியாது. பண்பாடு இரண்டையும் சொன்னது. எதைக் காதில் வாங்கிக்கொண்டார்கள் என்பதுதான் கேள்வி.

சிதம்பரத்தின் நந்தனார் கதை இதைவிடச் சிக்கலானது. சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பாடிய பெரியபுராணத்தில், புலைப்பாடியில் பிறந்த நந்தனார் என்னும் திருநாளைப்போவார் தில்லைக்குள் நுழைய நெருப்பில் மூழ்குகிறார். பூணூலும் சடையும் கொண்ட முனிவராக எழுந்து, சபைக்குள் சென்று மறைகிறார். அடியாரை மதிக்கும் கதை இது. அவரை அவராகவே உள்ளே விட மறுக்கும் கதையும் இதுவே. அவருடைய அடையாளம் எரிந்த பிறகுதான் கதவு திறக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவாமி சகஜானந்தர் அதே சிதம்பரத்தில் தலித் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தபோது, நந்தனார் பெயரையே அதற்கு வைத்தார். நெருப்பில் மூழ்காமல், பிறந்த அடையாளத்தோடு எழுத்தறிவுக்குள் நுழைய வழி செய்தார். கதையை அவர் தூக்கியெறியவில்லை. அதை எடுத்து வேறு திசையில் நடத்தினார். பண்பாட்டால் வார்க்கப்பட்டவர்கள் அதை மாற்றி வார்க்கவும் கூடியவர்கள் என்பதற்குத் தில்லையிலேயே இவ்வளவு தெளிவான உதாரணம் இருக்கும்போது, 'நான் என்ன செய்வேன், வளர்ந்த விதம் அப்படி' என்ற முறையீடு எடுபடாது.

இதற்கு எதிராக வலுவான வாதம் ஒன்று உண்டு. தனிமனிதச் சுதந்திரம், பதிவுத் திருமணம், அரசியலமைப்பு எல்லாம் படித்தவர்கள் மேலிருந்து திணித்தவை. குடும்பத்தோடு பிணைந்து வாழும் மக்களை அந்த அளவுகோலால் அளப்பது அநியாயம் என்பது அது. தமிழ்நாட்டு வரலாறு இதை ஏற்கவில்லை. புரோகிதர் இல்லாமல், மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ நடக்கும் சுயமரியாதைத் திருமணத்தை, முதல்வர் அண்ணாவின் அரசு 1967இல் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்துச் சட்டமாக்கியது. ஊர் ஊராக மேடை போட்டு நாற்பது ஆண்டு பேசிய ஓர் இயக்கத்திடமிருந்து வந்தது அது. சட்டமும் பண்பாட்டின் விளைச்சல்தான். வெளிநாட்டிலும் இதே நிலை. மனைவி, மகள், சகோதரியை 'குடும்ப கௌரவத்துக்காக' கொன்றவனுக்குச் சில ஆண்டுச் சிறையோடு சலுகை தந்த சட்டப்பிரிவை இத்தாலி 1981 வரை வைத்திருந்தது. சிசிலியின் கிராமங்களில் அது ஆழ வேரூன்றிய பண்பாடு என்றுதான் அதுவரை சொல்லிவந்தார்கள்.

இன்னொரு வாதம் நேர்மையானது, கவலையும் தருவது. எல்லோரும் குற்றவாளி என்றால் எவரும் குற்றவாளி இல்லாமல் போய்விடாதா? ஊர் மேல் பழியைப் பரப்பினால் கொன்றவன் கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்ள மாட்டானா? பொறுப்பு ஒரு மூட்டை அரிசி என்றால் பங்கு போடப் போட ஒவ்வொருவருக்கும் குறையும். குற்றப் பொறுப்பு அப்படிப் பங்கு போகிற பொருள் அன்று. விஷம் ஊற்றியவர் முழுக் கொலைக்கும் பொறுப்பு. புகாரைத் திரித்தவர் திரித்ததற்கு முழுதும் பொறுப்பு. சட்டம் தொட முடியாத இடங்களும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பார்த்துக்கொண்டு நின்றதற்காக ஓர் ஊரையே சிறையிலடைக்க முடியாது, கூடாது. ஆனால் சட்டம் தண்டிக்காதது எல்லாம் பழியற்றது என்று ஆகிவிடாது.

பெற்றோரின் வேதனையைப் பொய் என்று சொல்வதும் தவறு. மகள் சொல்லாமல் போனதில் ஒரு தாய்க்கும் தந்தைக்கும் உண்டாகும் வலி உண்மையானது. அந்த வலி கொலையாகத் திரும்பும் இடத்தை உற்றுப் பார்த்தால், அங்கே ஊர் நிற்கிறது. இளையவளைப் பெண் கேட்டு இனி யார் வருவார்கள், கோயில் திருவிழாவில் வரி வாங்குவார்களா, வீட்டில் ஒரு சாவு விழுந்தால் தோள் கொடுக்க யார் வருவார்கள் என்று அந்தத் தந்தை கணக்குப் பார்க்கிறார். டீக்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்ததும் பேச்சு நிற்கிறது. கல்யாண வீட்டில் ஒருவர் வாயெடுத்து, "பொண்ண வளக்கத் தெரியல" என்கிறார். இந்த விலைகளை விதிக்கிறவர்கள் எவர் கழுத்தையும் நெரிப்பதில்லை. சிரித்துக்கொண்டே பேசிவிட்டுப் போகிறார்கள். கொலை நடந்தால் 'ஐயோ பாவம்' என்றும் சொல்வார்கள். அறத்தின் பார்வையில் மிகவும் கூசவேண்டியவர்கள் இவர்களே. இவர்கள் எந்தச் சாதியிலும் இருக்கிறார்கள். ஒரு சாதியை மட்டும் சுட்டிவிட்டு மற்றவர்கள் தப்பிக்க முடியாது.

சட்டத்தால் தொடக்கூடிய பகுதியை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கலாம் என்பது பழைய யோசனை. பிடிக்காத திருமணத்தைக் கண்டிக்க ஊர் கூடுவதையே குற்றமாக்க வேண்டும் என்று மத்திய சட்ட ஆணையம் 2012இல் தன் 242ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. 2018இல் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் மாவட்டந்தோறும் தனிப் பிரிவு அமைக்கவும், இப்படிப்பட்ட தம்பதிகளுக்குப் பாதுகாப்பான இல்லங்கள் ஏற்படுத்தவும், கடமை தவறும் அதிகாரிகள் மீது நடவடிக்கை எடுக்கவும் சொன்னது. இத்தகைய கொலைகளைத் தடுக்கும் தனிச் சட்டம் பற்றிப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று தமிழ்நாடு அரசு 2025 அக்டோபரில் அறிவித்தது. வரும் சட்டம் கொலைக்குத் தண்டனையைக் கூட்டுவதோடு நின்றால் பயன் குறைவு. கொலைக்கு ஏற்கெனவே உச்சத் தண்டனை இருக்கிறது. ஒதுக்கிவைக்கிற ஊர்க்கூட்டத்தையும், அபராதம் போடுகிற பெரியமனிதரையும், பாதுகாப்புக் கேட்டு வரும் ஜோடியைப் பெற்றோரிடமே ஒப்படைத்து அனுப்பிவைக்கிற காவல் நிலையத்தையும் அது பெயர் சொல்லித் தொட வேண்டும்.