ஒப்படைத்துவிட்டு வருதல்

ஒவ்வொரு மருத்துவமனையிலும் நாள்தோறும் நடக்கும் ஒரு சிறு செயல் உண்டு. இரவு டூட்டி முடித்த மருத்துவர், காலையில் வருகிறவரிடம் தன் நோயாளிகளை ஒப்படைக்கிறார். மூன்றாம் கட்டிலுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. ஏழாம் கட்டிலுக்கு ரத்தப் பரிசோதனை முடிவு வரவேண்டும். ஜன்னலோரப் பாட்டிக்குச் சிறுநீர் அளவைக் கவனித்துக்கொள்ளுங்கள். சொல்லி முடித்ததும் கேஸ் ஷீட் கைமாறிவிடுகிறது. மனம் மட்டும் கைமாறுவதில்லை. அது ஏழாம் கட்டிலின் அருகிலேயே நிற்கிறது. வீடு வந்த பிறகும், சோற்றுத் தட்டின் முன் அமர்ந்த பிறகும், குழந்தை மடியில் வந்து ஏறிய பிறகும் அது அங்கேயே நிற்கிறது.

உடல் வந்துவிட்டது, மனம் வரவில்லை. இந்த இடைவெளியை நாம் கொஞ்ச நேரம் அமைதியாகப் பார்ப்போம். பர்ன் அவுட் என்று இன்று எல்லோரும் சொல்லும் சோர்வு இந்த இடைவெளியில்தான் மெல்ல மெல்லச் சேர்கிறது. 1974இல் இதைப் பற்றி எழுதிய உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர், நியூயார்க்கில் ஏழைகளுக்கான இலவச மருத்துவ நிலையத்தில் சேவை செய்தவர். மற்றவர்களிடம் கண்ட அந்தச் சோர்வை அவர் தன்னிடமும் கண்டார். 2019இல் உலக சுகாதார நிறுவனம் இதற்கு மூன்று அடையாளங்களைச் சொன்னது: தீராத களைப்பு, செய்யும் வேலையிலிருந்து மனம் விலகிப் போதல், தன்னால் எதுவும் ஆவதில்லை என்ற எண்ணம். இது நோயல்ல, வேலை சார்ந்த ஒரு நிலை என்றும் அது தெளிவாக்கியது.

ஒவ்வொரு துறைக்கும் தனித்தனிச் சோர்வு இருக்கிறது. அவசர சிகிச்சைப் பிரிவில் அடுத்து யார் வருவார், எந்த நிலையில் வருவார் என்று தெரியாது. அந்தத் தெரியாமையே அங்கே பெரிய பாரம். மயக்க மருந்து கொடுப்பவருக்கு அப்படியல்ல. அவர் அசையாமல் அமர்ந்திருக்கிறார், ஆனால் அவருடைய விழிப்பு ஒரு நொடியும் அசையக்கூடாது. பிரசவம் பார்ப்பவருக்கு இரவு என்பது தூக்கத்துக்குரிய நேரமாக இருப்பதே இல்லை. புற்றுநோய் மருத்துவர் பல மாதங்கள் ஒரு குடும்பத்தோடு பழகி, அந்தக் குடும்பத்தில் ஒருவராகவே ஆகி, பிறகு அவர்களை இழக்கிறார். மறுநாள் காலையில் இன்னொரு குடும்பம் எதிரே வந்து அமர்கிறது. ஸ்கேன் படங்களை இருட்டறையில் பார்த்துக்கொண்டே இருப்பவருக்கு நன்றி சொல்லும் முகம் ஒன்றுகூட எதிரில் வருவதில்லை. மனநல மருத்துவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார், கேட்டதை எங்கும் இறக்கி வைக்க முடியாமல். தோல் மருத்துவத்தில் சுமை குறைவு என்பார்கள். இரவு அழைப்புகள் குறைவு என்பது உண்மைதான். ஆனாலும் மனம் சோர்வதற்கு இரவு அழைப்பு மட்டுமா காரணம்?

துறைகள் வேறு, சோர்வுகள் வேறு. அவற்றின் அடியில் போய்ப் பார்த்தால் ஒரே ஆசை அமர்ந்திருக்கிறது. இவரை நான் காப்பாற்றிவிட வேண்டும் என்ற ஆசை. நல்ல ஆசைதான், அதில்லாமல் ஒருவர் இந்தத் தொழிலுக்கு வரமாட்டார். ஆனால் அந்த ஆசைக்குள், முடிவும் என் கையில்தான் இருக்கிறது என்ற எண்ணம் ஓசையில்லாமல் கலந்துவிடுகிறது. பிழைத்தால் நான், இறந்தால் நான். இந்த ‘நான்’தான் கட்டிலருகிலிருந்து நகர மறுக்கிறது. மருந்து தேர்ந்தது என் பொறுப்பு, கவனித்தது என் பொறுப்பு, உண்மையைச் சொன்னது என் பொறுப்பு. அந்த உடல் ஆறுவதும் ஆறாததும் என்னையும் கடந்த ஒன்று. இதை அறிவு உடனே ஒப்புக்கொள்கிறது. மனம் ஒப்புக்கொள்ள நாளாகிறது. நாளாகட்டும்.

அப்படியானால் மனத்தைக் கல்லாக்கிக்கொள்வதா? இல்லை. 1889இல் ஃபிலடெல்ஃபியாவில் பட்டம் பெற்ற மாணவர்களிடம் பேசிய வில்லியம் ஆஸ்லர் கலங்காத மனத்தை வேண்டினார். அதே மூச்சில், நெஞ்சம் இறுகிவிடக் கூடாது என்றும் எச்சரித்தார். இந்த இரண்டும் ஒன்றாக இருக்க முடியுமா என்ற கேள்விக்கு நம் காலத்தில் ஓர் அழகான பதில் கிடைத்திருக்கிறது. ஜெர்மனியின் நரம்பியல் ஆய்வாளர் டானியா சிங்கர், உயிரியலில் முனைவர் பட்டம் பெற்றுப் பின் பௌத்தத் துறவியான மத்தியூ ரிக்காரின் மூளையை ஸ்கேன் கருவி மூலம் ஆராய்ந்தார். பிறர் வலியைத் தன் வலியாக ஏந்துவது வேறு, அவருக்கு நலம் வேண்டி அன்போடு அருகில் நிற்பது வேறு. இரண்டின்போதும் மூளையில் இயங்கும் பகுதிகளே வேறு என்று அந்த ஆய்வுகள் காட்டின. பின்னர் பிறரிடம் நடத்திய ஆய்வில், வலியை ஏந்தும் பயிற்சி மட்டும் பெற்றவர்களிடம் வேதனை கூடியது. பிறகு கருணைப் பயிற்சி பெற்றபோது மனம் மீண்டும் நல்லுணர்வு கொண்டது.

இதை நாம் மெதுவாக உள்வாங்கிக்கொள்வோம். நம்மைக் களைக்க வைப்பது கருணை அல்ல. வலியைப் பற்றிக்கொண்டு விட மறுப்பதே களைக்க வைக்கிறது. ஆற்றுநீர் படித்துறையைத் தொட்டுக்கொண்டே போவதுபோல், கருணை தொடுகிறது, நனைக்கிறது, நகர்கிறது.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் மேலே போவது அநியாயம். முப்பது மணி நேரம் கண் மூடாத பயிற்சி மருத்துவரிடம் தியானம் செய் என்று சொல்வது அறமாகாது. அவருக்கு வேண்டியது தூக்கம். இந்தியாவில் உறைவிட மருத்துவர்களுக்கு வாரம் 48 மணி நேரம், ஒரே மூச்சில் 12 மணி நேரம் என்ற வழிகாட்டுதல் 1992இலேயே வந்துவிட்டது. 2024இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு, வாரம் 74 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று பரிந்துரைத்தது. முதலில் சொன்ன எண்ணும் பின்னர் சொன்ன எண்ணும் எவ்வளவு தள்ளி நிற்கின்றன பாருங்கள். வார்டுகளில் நடப்பது பல நேரங்களில் இந்த இரண்டையும் தாண்டியது. மருத்துவர் எண்ணிக்கையைக் கூட்டுவதும் டூட்டிப் பட்டியலைச் சீராக்குவதும் நிர்வாகத்தின் கடமை. மருத்துவரின் உள்ளமைதியைக் காட்டி அந்தக் கடமையிலிருந்து எவரும் விலகிக்கொள்ள முடியாது.

உடலுக்கு ஓய்வு கிடைத்த பிறகு, மனத்துக்கான வழி தொலைவில் இல்லை. ஒரு நோயாளியை விட்டு அடுத்தவரிடம் போகும் முன் மருத்துவர் கை கழுவியே ஆக வேண்டும். சோப்புப் போட்டு முறையாகக் கழுவ 40 முதல் 60 நொடி ஆகும். அந்த நொடிகள் ஏற்கெனவே நம்முடையவை. புதிதாக நேரம் தேடவேண்டியதில்லை. தண்ணீர் கைமேல் விழும்போது மூச்சு வருவதையும் போவதையும் பார்க்கலாம். இவருக்கு நலம் உண்டாகட்டும் என்று மனத்துக்குள் சொல்லலாம். சொல்லிவிட்டு, அவரை விடலாம். மறந்துவிடுவது அல்ல இது. அன்போடு விடுவது. முதல் நாளில் மனம் கேட்காது. கேட்காத மனத்தைக் கடிந்துகொள்ளாமல் மறுபடியும் விடலாம். நாள் முழுவதும் இத்தனை முறை விட்டுப் பழகிய மனத்துக்கு, டூட்டி முடியும்போது விடுவது எளிதாகிறது.

உலக மருத்துவச் சங்கம் 2017இல் மருத்துவர்களின் ஜெனீவா உறுதிமொழியைத் திருத்தியது. என் உடல்நலத்தையும் நல்வாழ்வையும் திறன்களையும் கவனித்துக்கொள்வேன், அதுவே சிறந்த சிகிச்சை தர உதவும் என்ற பொருளில் ஒரு வரி அதில் சேர்ந்தது. தன்னைப் பேணுவதும் இப்போது உறுதிமொழியின் ஒரு பகுதி.

எனவே நம் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். டூட்டி முடித்துக் கிளம்பும் மருத்துவரை வழிமறித்து, நீங்களே பாருங்கள் டாக்டர் என்று கேட்காதீர்கள், பொறுப்பேற்றவரை நம்புங்கள். வீட்டில் மருத்துவர் இருந்தால், அவர் பேசாமல் அமர்ந்திருக்கும் வேளையைக் கோபமென்று எண்ணாதீர்கள். நீங்களே மருத்துவர் என்றால், சோர்வு இருளாக மாறும்வரை காத்திருக்க வேண்டாம். மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416. இரவும் பகலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.