வாக்குத்தத்தத்தில் நம்பிக்கை: ஓர் ஒழுக்கவியல் நோக்கு

கிறித்தவத் தமிழில் வழங்கும் சொற்களுள் 'வாக்குத்தத்தம்' என்பது ஆழ்ந்து நோக்கத்தக்கது. தத்தம் என்பது கொடுக்கப்பட்டது எனப் பொருள்படும். எனவே வாக்குத்தத்தம் என்பது கொடுக்கப்பட்ட சொல்லாகும். நாளை மழை பெய்யும் என்பது எதிர்வுகூறல்; நாளை வருவேன் என்பது வாக்கு. முன்னதை ஏற்பதற்குச் சான்று போதும். பின்னதை ஏற்பதற்குச் சொன்னவரையே நம்புதல் வேண்டும். கடவுளின் வாக்குத்தத்தங்களை நம்புவதாகக் கிறித்தவர் ஒருவர் கூறும்போது, எதிர்காலம் பற்றிய தகவலொன்றைத் தாம் பெற்றிருப்பதாகக் கூறுகின்றாரா, அன்றித் தம்மை ஒருவரிடம் ஒப்படைப்பதாகக் கூறுகின்றாரா? இவ்வினாவுக்கு அளிக்கப்படும் விடையிலேயே அந்நம்பிக்கையின் ஒழுக்கப் பெறுமானம் தங்கியுள்ளது.

இத்தகைய நம்பிக்கைக்கு எதிரான வலிமை வாய்ந்த ஆட்சேபங்களுள் ஒன்று, ஆங்கில மெய்யியலாளர் அன்ரனி புளூ 1950ஆம் ஆண்டில் முன்வைத்ததாகும். அவர் ஓர் உவமைக்கதையைக் கூறுகின்றார். காட்டின் நடுவே பூக்கள் நிறைந்த வெளியொன்றைக் காணும் இருவருள் ஒருவர், இதனைப் பேணும் தோட்டக்காரர் ஒருவர் உளர் என்கிறார். இருவரும் காவல் இருக்கின்றனர், மின்வேலி அமைக்கின்றனர், வேட்டைநாய்களைக் கொண்டும் தேடுகின்றனர். எவரும் அகப்படவில்லை. எனினும் முதலாமவர், தோட்டக்காரர் கண்ணுக்குப் புலப்படாதவர், தீண்டற்கு அரியவர் எனத் தம் கூற்றைத் திருத்திக்கொண்டே செல்கின்றார். இத்தகைய தோட்டக்காரருக்கும் இல்லாத தோட்டக்காரருக்கும் வேறுபாடு யாது என்பதே புளூவின் வினா. வாக்கு நிறைவேறினால் கடவுள் உண்மையுள்ளவர் என்றும், நிறைவேறாவிடின் காலம் இன்னும் வரவில்லை என்றும் கூறுபவரை நோக்கியும் இதே வினாவை எழுப்பலாம். எந்நிகழ்ச்சியாலும் மறுக்கப்பட முடியாத கூற்று, எதனையுமே கூறாத கூற்றாகிவிடும் அன்றோ?

இதற்கு விடை காண்பதில் விவிலியத்தின் எரேமியா நூல் பெரிதும் துணைபுரிகின்றது. யூதாவின் அரசன் சிதேக்கியாவின் நான்காம் ஆண்டில் அனனியா என்னும் தீர்க்கதரிசி, பாபிலோனின் நுகம் முறிந்தது என்றும், அங்கு கொண்டுசெல்லப்பட்ட ஆலயப் பொருட்கள் இரண்டு ஆண்டுகளுள் மீளும் என்றும் அறிவித்தார். எரேமியாவோ, பாபிலோனுக்கு எழுபது ஆண்டுகள் நிறைவேறிய பின்னரே மீட்சி வரும் என்றும், சிறைப்பட்டுச் சென்றோர் அதுவரை அங்கேயே வீடு கட்டித் தோட்டமிட்டு அந்நகரின் நலனை நாடவேண்டும் என்றும் எழுதினார். பின்னர் சிதேக்கியாவின் பத்தாம் ஆண்டில், பாபிலோனியப் படை எருசலேமை முற்றுகையிட்டிருந்த வேளையில், காவல் முற்றத்தில் அடைக்கப்பட்டிருந்த எரேமியா, தம் உறவினர் ஒருவருக்குரிய ஆனதோத்தூர் நிலத்தை 17 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து வாங்கினார். சாட்சிகள் முன் பத்திரம் முத்திரையிடப்பட்டது; அது நெடுநாள் நிலைக்கும்படி மட்பாண்டத்தில் வைக்கப்பட்டது. பகைவர் கையில் வீழவிருந்த நாட்டில் நிலம் வாங்குவது உலக வழக்கில் அறிவீனம். மீண்டும் அந்நாட்டில் நிலம் வாங்கும் காலம் வரும் என்ற வாக்கே அவருக்கு ஆதாரமாயிற்று.

இவ்விருவரையும் ஒப்பிடுமிடத்து ஓர் உண்மை புலனாகும். அனனியாவின் நம்பிக்கை கேட்போரிடம் எதனையும் கோரவில்லை, வாளாவிருந்தாலே போதும். எரேமியாவின் நம்பிக்கையோ அவருடைய வெள்ளியையே கோரிற்று. மேலும், நிலம் வாங்கிய பின்னர் அவர் மதிலைச் சூழ்ந்த முற்றுகை மேடுகளைச் சுட்டி, இந்நிலையில் நிலம் வாங்கச் சொன்னது எவ்வாறு எனத் திகைத்துக் கடவுளிடம் முறையிடுகின்றார். ஐயம் நீங்கிய பின் செயற்பட்டவர் அல்லர் அவர், ஐயத்தோடு செயற்பட்டவர். நகரம் வீழ்ந்தது. அவர் எகிப்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அந்நிலத்தின் விளைவை அவர் நுகர்ந்ததாக நூல் கூறவில்லை. கி.மு. 539இல் பாரசீக மன்னன் கோரேசு பாபிலோனைக் கைப்பற்றிய பின்னரே யூதர் நாடு திரும்ப வழி பிறந்தது.

பேசில் மிற்செல் என்னும் மெய்யியலாளர் புளூவுக்கு அளித்த மறுமொழியும் இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. அந்நியர் ஆக்கிரமித்த நாட்டில் எதிர்ப்பியக்கத்தைச் சேர்ந்த ஒருவர் ஓரிரவில் அறிமுகமில்லாத ஒருவரைச் சந்திக்கின்றார். தாம் எதிர்ப்பியக்கத்தின் பக்கம் நிற்பதாகவும், எது நேரினும் தம்மை நம்பும்படியும் அவர் கூறுகின்றார். பின்னர் அவர் சில வேளைகளில் இயக்கத்தினருக்கு உதவுபவராகவும், சில வேளைகளில் காவற்படைச் சீருடையில் அவர்களைப் பகைவரிடம் ஒப்படைப்பவராகவும் காணப்படுகின்றார். முன்னவர் இக்காட்சிகளைப் பொருட்படுத்தாதவர் அல்லர். அவை தம் நம்பிக்கைக்கு எதிரானவை என்பதை உணர்ந்து வருந்துகின்றார். ஆயினும் அந்த முதற் சந்திப்பை முன்னிட்டு நம்பிக்கையைக் கைவிடாதிருக்கின்றார். எரேமியாவின் முறையீடும் இத்தகையதே. எதிர்ச்சான்றைக் காண மறுப்பது மூடநம்பிக்கை. கண்டு, அதன் பாரத்தைச் சுமந்தவாறே நிலைத்திருப்பது விசுவாசம். அச்சுமை எவ்வளவு மிகும்போது நம்பிக்கை அறிவீனமாக மாறும் என்பதை முன்கூட்டி வரையறுக்க இயலாது. அவ்வளவில் புளூவின் வினா முற்றாகத் தீர்ந்ததெனக் கூறுவதற்கில்லை.

எனினும் மெய்யான நம்பிக்கையைப் போலியிலிருந்து பிரித்தறிய ஓர் அளவுகோல் உண்டு. அது நம்புபவரைக் கடமையிலிருந்து விடுவிக்கின்றதா, கடமையோடு பிணைக்கின்றதா என்பதே அது. பாலைநிலத்துச் சோதனையில், தூதர் தாங்குவர் என்ற வாக்கைக் காட்டி ஆலய உச்சியினின்று குதிக்குமாறு இயேசுவைத் தூண்டியவன் சோதனைக்காரனே. வாக்கை மேற்கோள் காட்டுவது மட்டும் விசுவாசம் ஆகாது என்பதை அந்நிகழ்ச்சி தெளிவுறுத்துகின்றது. நோயாளியிடம் மருந்தை விடு, வாக்கை நம்பு என்பவரும், வறியவரிடம் பொறுத்திரு, கடவுள் தருவார் எனக் கூறித் தம் கையை மூடிக்கொள்பவரும் அனனியாவின் வழியினரே. பிறர் விலை கொடுக்கத் தாம் நம்புவது நம்பிக்கையன்று.

யேர்மனிய இறையியலாளர் டீற்றிச் பொன்கோபர் 1939இல் அமெரிக்காவில் பாதுகாப்பாக வாழும் வாய்ப்பைத் துறந்து, ஹிட்லரின் ஆட்சியிலிருந்த தம் நாட்டுக்குத் திரும்பினார். 1942இன் இறுதியில் நண்பர்களுக்கென எழுதிய கட்டுரையிலும், 1943இல் தமக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண்ணுக்குச் சிறையிலிருந்து எழுதிய கடிதத்திலும் அவர் எரேமியாவின் நிலத்தையே நினைவுகூர்ந்தார். அழிவின் நடுவே மணவாழ்வை எண்ணுவதும் நிலம் வாங்குவது போன்ற செயலாகவே அவருக்குப் பட்டது. அம்மணம் நிகழவில்லை. 1945 ஏப்ரல் 9இல் அவர் தூக்கிலிடப்பட்டார்.

அவருடைய நம்பிக்கை பொய்த்ததா? தாம் விரும்பிய நிகழ்ச்சி நிகழும் என்பதே நம்பிக்கையாயின் பொய்த்தது என்றே கூறவேண்டும். கொடுக்கப்பட்ட சொல்லுக்கு ஏற்பத் தம் வாழ்வை ஒழுங்குசெய்தலே நம்பிக்கையாயின், அது அவர் வாழ்வில் நிறைந்து விளங்கிற்று. வாக்கை நிறைவேற்றுதல் வாக்களித்தவரின் பொறுப்பு. அது நிறைவேறத்தக்க வாக்கு என்பதற்கு இசைய வாழ்தல் அதனைப் பெற்றவரின் பொறுப்பு. இரண்டாவதைச் செய்யாதவர் முதலாவதைப் பற்றி வினவும் உரிமையை இழந்துவிடுகின்றார்.